செவ்வாயின் நிழலில் ஒரு மின்கலம்

காவிரியாறு குடகு மலையிற் பிறந்து, சோழ நாட்டு வயல்களுக்கு வந்து சேர்வதற்கு முன்னர், மைசூர்ச் சீமையில் சிவசமுத்திரம் என்னும் இடத்தில் பேரருவியாக வீழ்கின்றது. அவ்வீழ்ச்சியின் வலிமையைக் கொண்டு 1902-ஆம் ஆண்டில் மின்சாரம் ஆக்கினார்கள். அது ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவு கம்பியின் வழியே சென்று, கோலார் தங்கச் சுரங்கங்களின் இயந்திரங்களை இயக்கிற்று. அச்சுரங்கங்களில் உழைத்தவர்களுள் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பெருந்தொகையினர். இது நேயர்கள் சிலருக்குக் குடும்ப வரலாறாகவே தெரிந்திருக்கும். 1905-ஆம் ஆண்டில் அதே காவிரி மின்சாரம் பெங்களூர்த் தெருக்களில் விளக்கேற்றியது.

மின்சாரத்திற்கு ஒரு குறை உண்டு. நெல்லைக் குதிரிலே கொட்டி வைக்கலாம். நீரை ஏரியிலே தேக்கி வைக்கலாம். விறகை அடுக்கி வைக்கலாம். மின்சாரத்தையோ அவ்வாறு குவித்து வைத்தல் இயலாது. ஆக்கிய கணத்திலேயே அது செலவாக வேண்டும். வைத்திருக்க வேண்டுமானால், அதனை வேறொன்றாக மாற்றி வைத்து, வேண்டும்பொழுது மீண்டும் மின்சாரமாக மாற்றிக்கொள்ளுதல் வேண்டும். அவ்வாறு மாற்றி வைக்கும் பெட்டகத்தையே மின்கலம் என்கின்றோம். வழக்கிலே பேட்டரி என்கின்றோம். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் கைபேசியும், பெங்களூர்ச் சாலைகளில் ஓசையின்றி ஓடும் மின்சார ஸ்கூட்டரும் லிதியம் அயனி மின்கலம் என்னும் ஒரே வகைப் பெட்டகத்தால் இயங்குகின்றன.

அந்த மின்கலம் எவ்வாறு நிறைகின்றது, எவ்வாறு வற்றுகின்றது என்பதை இங்கு விளக்க விரும்புகின்றேன். வெறும் பாடமாகக் கூறாமல், பெங்களூரில் உருவாகிச் செவ்வாய்க் கோளைச் சுற்றிய ஒரு விண்கலத்தின் வரலாற்றோடு சேர்த்தே கூறுகின்றேன். அவ்விண்கலம் தன்னகத்தே கொண்டிருந்த மின்கலம், நூறு நிமிட இருளைத் தாங்கும் திறமுடையது. அதன் எதிரே வந்து நின்ற இருளோ ஏழெட்டு மணி நேரத்து இருள். இவ்விரண்டிற்கும் இடையே நடந்த போராட்டமே நம் கதை.

முதற்கண் மின்கலத்தின் பழைய வரலாற்றைச் சிறிது நோக்குவோம். இத்தாலி நாட்டு வோல்ட்டா என்பார் 1800-ஆம் ஆண்டில், துத்தநாகத் தகடு, வெள்ளித் தகடு, உப்பு நீரில் தோய்த்த அட்டை ஆகியவற்றை மாறி மாறி அடுக்கி, இடையறாது மின்னோட்டம் தரும் முதல் அடுக்கினை அமைத்தார். அது ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததுதான். தீர்ந்ததை மீண்டும் நிறைக்கத்தக்க கலத்தை 1859-இல் பிரான்சு நாட்டுப் பிளாண்ட்டே அமைத்தார். ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்திய கலம் அது. பேருந்துகளிலும் கார்களிலும் இன்றளவும் நாம் காணும் கனத்த பேட்டரி அதன் வழித்தோன்றலே.

ஈயக் கலம் உழைப்பாளி, ஆனால் பளுவானது. மேலும், ஒவ்வொரு முறை வற்றும்பொழுதும் அதன் தகடுகளின் மேற்பொருளே ஈய சல்பேட்டாக உருமாறுகின்றது. நிறைக்கும்பொழுது மீண்டும் பழைய உருவம் எய்துகின்றது. வீட்டை ஒவ்வொரு நாளும் இடித்து மறுபடியும் கட்டுவது போன்றது இச்செயல். எத்தனை முறைதான் அவ்வாறு கட்டுவது? சுவர் சிறிது சிறிதாகத் தளர்கின்றது.

எடை குறைந்த மின்கலம் வேண்டுமெனின், எடை குறைந்த உலோகம் வேண்டும். உலோகங்கள் யாவற்றிலும் இலேசானது லிதியம். 1817-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு ஆர்ஃப்வெட்சன் என்பார் ஒரு கல்லை ஆராயும்பொழுது இதனைக் கண்டறிந்தார். நீரின் எடையில் ஏறத்தாழப் பாதியே உடையது, எண்ணெயிலும் மிதக்கும். தன் மின்னணு ஒன்றை எளிதில் விட்டுக்கொடுக்கும் இயல்பு இதற்கு மிகுதி. அந்த இயல்பே மின்கலத்திற்கு வேண்டுவது. அதே இயல்பால் இது காற்றோடும் நீரோடும் சீறிப் பாய்ந்து வினைபுரிகின்றது. ஆதலின் இதனைப் பழக்கிப் பணிகொள்ளுதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

1970-களில் அமெரிக்காவில் பணியாற்றிய விட்டிங்காம் என்னும் அறிஞர், டைட்டேனியம் சல்ஃபைடு என்னும் பொருளின் அடுக்குகளுக்கு இடையே லிதியம் அயனிகள் நுழைந்து தங்கவும், பின்னர் வெளியேறவும் இயலும் என்று காட்டினார். நுழைந்தபொழுதும் வெளியேறியபொழுதும் அப்பொருளின் கட்டமைப்புக் குலையவில்லை. வீட்டை இடித்துக் கட்ட வேண்டுவதில்லை. விருந்தினர் வந்து போனால் போதும். எனினும் அவர் மறுமுனையில் லிதியம் உலோகத்தையே வைத்தார். திரும்பத் திரும்ப நிறைக்கும்பொழுது அவ்வுலோகத்தின் மேல் ஊசி ஊசியாக லிதியம் வளர்ந்து, எதிர்ப்பக்கத்தைத் தொட்டுத் தீப்பற்றும் இடர் இருந்தது.

1980-இல் ஆக்ஸ்ஃபர்டில் இருந்த ஜான் குடினஃப், கோபால்ட் ஆக்சைடின் அடுக்குகளில் லிதியத்தைக் குடிவைத்து, கலத்தின் மின்னழுத்தத்தை நான்கு வோல்ட்டு அளவிற்கு உயர்த்தினார். 1985-இல் ஜப்பான் நாட்டு அகிரா யோஷினோ, லிதியம் உலோகத்தை அறவே நீக்கி, மறுமுனையில் கரிப்பொருளை வைத்தார். தீயின் இடர் பெரிதும் குறைந்தது. 1991-இல் சோனி நிறுவனம் இக்கலத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இம்மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பெற்றது. அப்பொழுது குடினஃபுக்கு வயது 97. நோபெல் பரிசு பெற்றவர்களுள் அவரே வயதில் மூத்தவர். 2023-இல், நூறு வயது நிறைந்த பின் அவர் காலமானார்.

இவ்விடத்தில் தமிழர் நினைவிற் கொள்ள வேண்டிய பெயர் ஒன்று உண்டு. மதுரைப் பல்கலைக்கழகத்தில் பயின்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம் என்னும் அறிஞர், 1985-இல் ஆக்ஸ்ஃபர்டு சென்று குடினஃபுடன் சேர்ந்தார். பின்னர் அவரோடு அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திற்கும் சென்றார். விலை மிகுந்த கோபால்ட்டை விடுத்து, மலிவான இரும்பையே பயன்கொள்ளும் வழிக்கு இருவரும் 1980-களின் இறுதியில் அடிகோலினர். அவ்வழியிலே 1997-இல், நம் நாட்டவரான அக்ஷய பாடி என்பாரும் குடினஃபும் இரும்பு பாஸ்பேட் என்னும் பொருளை உலகிற்கு அளித்தனர். இன்று பல மின்சார வண்டிகளில் இருப்பது அதுவே. 2019 டிசம்பரில் ஸ்டாக்ஹோம் நகரில் குடினஃபின் நோபெல் பேருரையை அவர் சார்பாக நிகழ்த்தியவரும் மந்திரம் அவர்களே.

இனி, இக்கலம் இயங்கும் முறையைக் காண்போம். ஓர் ஆற்றின் இரு கரைகளை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு கரையில் கோபால்ட் ஆக்சைடு என்னும் ஊர், இது நேர்மின்வாய். மறுகரையில் கிராஃபைட் என்னும் கரியாலாகிய சத்திரம், இது எதிர்மின்வாய். நடுவிலே ஓடும் ஆறு, லிதிய உப்புக் கரைந்த ஒரு திரவம். ஆற்றின் நடுவே நுண்துளைகள் உடைய மெல்லிய திரை ஒன்று உண்டு. இரு கரைகளும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி அது காக்கின்றது. ஆற்றின்மேலே, இரு கரைகளையும் இணைக்கும் பாலம் ஒன்றும் உண்டு. அதுவே நாம் வெளியே இணைக்கும் கம்பி.

லிதியம் அணு ஒன்று புறப்படும்பொழுது இரண்டாகப் பிரிகின்றது. நேர்மின்னேற்றம் உடைய அயனி ஒரு பகுதி; மின்னணு மற்றொரு பகுதி. அயனி ஆற்றை நீந்திக் கடக்கும்; பாலத்தில் ஏறாது. மின்னணு பாலத்தின் வழியே செல்லும், ஆற்றில் இறங்காது. இருவரும் வெவ்வேறு வழியே சென்று அக்கரையில் மீண்டும் கூடுகின்றனர். கலத்தின் செயல் முழுவதும் இவ்வளவே.

லிதியத்திற்கு ஆக்சைடு என்னும் ஊரே சொந்த ஊர். அங்கிருப்பதே அதற்கு அமைதி. மின்னேற்றம் செய்யும்பொழுது, வெளியிலிருந்து நாம் தரும் மின்னாற்றல் மின்னணுக்களை நேர்மின்வாயிலிருந்து இழுத்துப் பாலத்தின் வழியே கிராஃபைட்டிற்குத் தள்ளுகின்றது. மின்னணுவைப் பிரிந்த அயனிகளும் ஊரை விட்டு ஆற்றில் இறங்கி, சத்திரத்திற் சென்று தங்குகின்றன. அங்கே ஆறு கரியணுக்களுக்கு ஒரு லிதியம் என்ற அளவில் இடம் கிடைக்கின்றது. இது மேட்டில் நீரேற்றுவது போன்ற வேலை. நாம் செலவிட்ட ஆற்றல், அயனிகள் ஊரை விட்டு வந்திருக்கும் அந்த நிலையிலேயே சேமிக்கப்பட்டிருக்கின்றது.

மின்னிறக்கம் இதன் எதிர்ச்செயல். பாலம் திறந்தவுடன் மின்னணுக்கள் தாமாகவே ஊரை நோக்கித் திரும்புகின்றன. அயனிகளும் ஆற்றைக் கடந்து ஊர் சேர்கின்றன. பாலத்தின் மீது செல்லும் மின்னணுக்களிடம் நாம் சுங்கம் வாங்கிக்கொள்கின்றோம். விளக்கு எரிவதும், விசை சுழல்வதும் அச்சுங்கத்தாலேயே. பிழைப்பின் பொருட்டு வேற்றூர் வந்து, விடுமுறை வந்ததும் ஊருக்கு இரயிலேறும் நம் போன்றோர்க்கு இவ்வியல்பை விளக்க வேறு உவமை வேண்டுவதில்லை. அறிஞர்கள் இதனை முன்னும் பின்னும் ஆடும் நாற்காலிக்கு ஒப்பிட்டனர். ஊஞ்சல் என்று நாம் கூறினும் பொருந்தும்.

நிறைக்கும் முறையில் ஓர் ஒழுங்கு உண்டு. கல்யாணப் பந்தியில் முதலில் வருவோர் விரைந்து அமர்கின்றனர்; இலைகள் பெரும்பாலும் நிறைந்த பின் வருவோர் வெற்றிடம் தேடி மெல்லச் செல்ல வேண்டியிருக்கின்றது. மின்கலத்திலும் அவ்வாறே. முதலில் மாறாத மின்னோட்டத்தைச் செலுத்துகின்றனர். கலத்தின் அழுத்தம் உயர்ந்துகொண்டே வந்து ஏறத்தாழ 4.2 வோல்ட்டை எட்டுகின்றது. அதன்பின் அழுத்தத்தை அந்த அளவிலேயே நிறுத்தி, மின்னோட்டம் தானே சிறுத்து வரும்படி விடுகின்றனர். கைபேசி எண்பது விழுக்காடு வரை விரைந்து நிறைந்து, எஞ்சிய பகுதிக்கு நெடுநேரம் எடுத்துக்கொள்வதன் காரணம் இதுவே.

இக்கலத்திற்கு மேலும் கீழும் எல்லைகள் உண்டு. அளவு கடந்து நிறைத்தால், நேர்மின்வாயின் அடுக்குகள் குலைந்து வெப்பம் மூளும். அளவு கடந்து வற்றவிட்டால், எதிர்மின்வாயைத் தாங்கும் செப்புத் தகடே கரையத் தொடங்கும். கடுங்குளிரில் மின்னேற்றம் செய்தாலும் தீங்குண்டு. சத்திரத்தினுள் விரைந்து நுழைய இயலாத லிதியம் வாயிலிலேயே உலோகமாகப் படிந்துவிடும். முதன்முறை நிறைக்கும்பொழுதே கிராஃபைட்டின்மேல் மெல்லிய படலம் ஒன்று உண்டாகின்றது. காவற்படலமாகிய அது இன்றியமையாதது; ஆயினும் அது தடிக்கத் தடிக்கச் சிறிது சிறிதாக லிதியத்தை விழுங்குகின்றது. ஆகவே எந்த மின்கலமும் மூப்படையும். எத்தனை முறை, எவ்வளவு ஆழம் வற்றியது, எவ்வளவு வெப்பத்தில் இருந்தது என்பனவே அதன் ஆயுளை வரையறுக்கின்றன.

இனிப் பெங்களூருக்கு வருவோம். 1970-களில் இந்நகரின் பீனியாத் தொழிற்பேட்டையில், கல்நார்க் கூரை வேய்ந்த கொட்டகைகளில், பேராசிரியர் யு. ஆர். ராவ் அவர்களின் தலைமையில் நம் முதற் செயற்கைக்கோளாகிய ஆரியபட்டா உருவாயிற்று. 1975 ஏப்ரல் 19-ஆம் நாள் அது விண்ணில் ஏறியது. அதில் இருந்தவை நிக்கல் காட்மியம் மின்கலங்கள். நான்கைந்து நாட்களில் அதன் மின்வழங்கற் பகுதியிலே கோளாறு நேர்ந்து, அறிவியற் சோதனைகள் நின்றுபோயின. விண்ணிலே மின்சாரம்தான் உயிர் என்னும் பாடத்தைப் பெங்களூர் அன்றே கற்றுக்கொண்டது.

விண்கலத்திற்கு மின்சாரம் தருவது சூரிய ஒளி. ஆனால் புவிக்கு அருகே சுற்றும் செயற்கைக்கோள் ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு ஒருமுறை புவியைச் சுற்றுகின்றது; அச்சுற்றில் ஒரு பகுதி புவியின் நிழலிலே கழிகின்றது. ஒவ்வொரு நாளும் பதினான்கு பதினைந்து முறை மின்கலம் வற்றி, அத்தனை முறை நிறைய வேண்டும். ஆண்டிற்கு ஐயாயிரம் முறைக்கு மேலாகும். ஆதலின் ஒவ்வொரு முறையும் அதன் கொள்ளளவில் ஒரு சிறு பங்கை மட்டுமே செலவிடுவது பொறியாளர் வழக்கம். பழுதுபார்க்க அங்கே யாரும் ஏறிச் செல்ல இயலாதன்றோ?

எடை ஒவ்வொரு கிராமும் கணக்கிடப்படும் விண்கலங்களில் லிதியம் அயனிக் கலம் இடம் பெற்றது இயல்பே. 2008 அக்டோபர் 22-ஆம் நாள் நிலவை நோக்கிச் சென்ற சந்திரயான் லிதியம் அயனி மின்கலத்தையே கொண்டிருந்தது. அதன் திட்ட இயக்குநர், பொள்ளாச்சிப் பகுதியைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை. அதன்பின் செவ்வாய்க்கு விண்கலம் அனுப்பும் முயற்சி எழுந்தது. அதற்கு அண்ணாதுரை நிகழ்ச்சித் திட்ட இயக்குநராகவும், திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த சுப்பையா அருணன் திட்ட இயக்குநராகவும் பணியாற்றினர். மங்கள்யான் என்று மக்கள் வழங்கிய அவ்விண்கலம் பெங்களூரில் உருவாகி, 2013 நவம்பர் 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது.

அதன் எடை 1,337 கிலோகிராம். சூரிய ஒளியை ஏற்க மூன்று பலகைகள். அவை செவ்வாய்க்கு அருகே 840 வாட்டு வரை மின்னாற்றல் தரவல்லன. நிழலுக்குத் துணையாக 36 ஆம்பியர்-மணி கொள்ளளவுடைய லிதியம் அயனி மின்கலம் ஒன்று. 36 ஆம்பியர் மின்னோட்டத்தை ஒரு மணி நேரம் தரலாம். 18 ஆம்பியராயின் இரண்டு மணி நேரம் தரலாம் என்பது அதன் பொருள். விண்கலத்தின் தேவைகளை எல்லாம் கூட்டிப் பார்க்கும்பொழுது, அது தாங்கக்கூடிய நிழல் ஏறத்தாழ நூறு நிமிடம்.

2014 செப்டம்பர் 24-ஆம் நாள் காலை, அம்மின்கலத்திற்கு முதற்பெருஞ் சோதனை வந்தது. விண்கலம் செவ்வாயின் பிடிக்குள் விழ வேண்டுமெனின், தன் பெரிய இயந்திரத்தை ஏறத்தாழ 23 நிமிடங்கள் எரித்து வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அந்நேரத்தின் பெரும்பகுதியில் விண்கலம் செவ்வாயின் நிழலில் இருந்தது. சூரியப் பலகைகள் பயன்படா. செவ்வாயின் மறைவால் செய்தித் தொடர்பும் சிறிது நேரம் அற்றது. இயந்திரம் எரிந்த வேளையின் பெரும்பகுதிக்கு மின்கலம் ஒன்றே துணை. பெங்களூர்க் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்தோர் செய்வதற்கு ஒன்றுமில்லை. காத்திருத்தலே அவர் பணி. செவ்வாயிலிருந்து ஒளி வந்து சேரவே பன்னிரண்டு நிமிடத்திற்கு மேலாகும். விண்கலம் நிழலினின்று வெளிவந்து அனுப்பிய செய்தி வந்தபின்னரே, முதல் முயற்சியிலேயே வெற்றி என்பது தெரிந்தது.

ஆறு திங்கள் உழைப்பதற்கென்று அமைந்த விண்கலம் ஆண்டுக்கணக்கில் உழைத்தது. ஆனால் அதன் பாதையிலேயே ஓர் இடர் காத்திருந்தது. மங்கள்யானின் பாதை மிக நீண்ட முட்டை வடிவம்: செவ்வாய்க்கு அண்மையில் சில நூறு கிலோமீட்டர்; சேய்மையில் ஏறத்தாழ 77,000 கிலோமீட்டர். அண்மையில் அது மணிக்குப் பதினாறாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் பாய்கின்றது. சேய்மையிலோ மணிக்கு எண்ணூறு கிலோமீட்டர் அளவிலே ஊர்கின்றது. இது பயணிகள் விமானத்தின் வேகமே. செவ்வாயின் குறுக்களவு ஏறத்தாழ 6,800 கிலோமீட்டர். அதன் நிழல் பாதையின் அண்மைப் பகுதியில் விழுந்தால் விண்கலம் அதனை விரைவில் தாண்டிவிடும். சேய்மைப் பகுதியில் விழுந்தாலோ, அதே நிழலைக் கடக்க எட்டு மணி நேரம் ஆகலாம். நூறு நிமிட மின்கலத்திற்கு எட்டு மணி நேர இருள்!

2017-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அத்தகைய நிழல்கள் நெருங்கி வந்தன. எஞ்சியிருந்த எரிபொருளோ 33 கிலோகிராம் அளவே. அதனைக் காத்து வைத்தால் மின்கலம் வற்றி விண்கலம் மடியும். செலவிட்டால் பிற்காலத்திற்கு எரிபொருள் இராது. பெங்களூரில் இருந்தோர் செலவிடத் துணிந்தனர். அவ்வாண்டு ஜனவரி 17-ஆம் நாள் சிறிய இயந்திரங்கள் எட்டையும் 431 விநாடிகள் எரித்துப் பாதையை மாற்றினர். 20 கிலோகிராம் எரிபொருள் செலவாயிற்று. 13 கிலோகிராம் எஞ்சியது. நீண்ட நிழல்கள் விலகின. விண்கலம் பிழைத்தது. ஒரு மின்கலத்தின் எல்லையை நன்குணர்ந்து, அதற்கேற்ப ஒரு விண்கலத்தின் வழியையே மாற்றிய செயல் இது.

அதன்பின் ஐந்து ஆண்டுகள் மங்கள்யான் உழைத்தது. செவ்வாயின் புழுதிப் புயல்களையும், அதன் துணைக்கோளாகிய போபாசையும் படம் எடுத்தனுப்பியது. 2022-இல் மீண்டும் நெடுநிழல்கள் வந்தன; அவற்றுள் ஒன்று ஏழு மணி நேர அளவிற்கு நீண்டது. அவ்வாண்டு ஏப்ரலில் நெடிய நிழல் ஒன்றிற்குப் பின் தொடர்பு அற்றது. எரிபொருள் தீர்ந்திருக்கக்கூடும், அதனால் சூரியனை நோக்கித் தன் பலகைகளைத் திருப்பி நிறுத்தி, தொடர்ந்து மின்சாரம் பெற அதனால் இயலாது போயிற்று என்று அறிவியலாளர் கருதினர். மீட்க இயலாது என்று 2022 அக்டோபர் 3-ஆம் நாள் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் அறிவித்தது. ஆறு திங்களுக்கு அமைந்தது ஏறத்தாழ எட்டாண்டு வாழ்ந்து ஓய்ந்தது.

இங்கு ஓர் உண்மை புலனாகின்றது. மின்கலம் ஆற்றலை ஆக்குவதில்லை, காப்பாற்றி வைக்கின்றது. நிறைப்பதற்கு ஒளியும், ஒளியை நோக்கித் திரும்புவதற்கு வலிமையும் இல்லாவிடின், எத்துணைச் சிறந்த மின்கலமும் பயனற்றதே. சிவசமுத்திரத்தில் நீர் விழாவிடின் கம்பிகளால் என்ன பயன்? அதுபோலத்தான் இதுவும்.

மற்றொரு சான்று 2023-இல் கிடைத்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 23-ஆம் நாள், விழுப்புரத்தைச் சேர்ந்த வீரமுத்துவேல் திட்ட இயக்குநராக இருந்து நடத்திய சந்திரயான்-3, நிலவின் தென்பகுதியில் இறங்கிற்று. பதினான்கு நாட்கள் நீளும் நிலவின் ஒரு பகற்காலம் உழைப்பதே அதற்கு வகுத்த பணி. அப்பணி முடிந்ததும், செப்டம்பர் 2-ஆம் நாள், பிரக்யான் என்னும் ஊர்தியைத் துயிலவைத்தனர். மின்கலத்தை முழுமையாக நிறைத்து, செப்டம்பர் 22-இல் வரவிருந்த கதிரவனை எதிர்நோக்கிப் பலகையைத் திருப்பியே வைத்தனர். நிலவின் இரவும் பதினான்கு நாள். குளிரோ உறைநிலைக்குக் கீழே நூறு பாகைக்கும் மேற்பட்டது. அத்தகைய குளிரில் மின்கலத்தின் ஆறே உறைந்துவிடும். அயனிகள் நீந்துவது எங்ஙனம்? விடியலுக்குப் பின் அழைத்தபொழுது மறுமொழி வரவில்லை. வகுத்த பணியை அது முன்னரே முடித்துவிட்டமையால் அதனைத் தோல்வி என்று கூறுதல் தகாது. விழிக்குமாயின் ஊதியம் என்று செய்த முயற்சி அது.

விண்ணில் நடந்த இவ்வரலாற்றிற்கு மண்ணிலும் தொடர்ச்சி உண்டு. பெங்களூரில் 2001-இல் விற்பனைக்கு வந்த ரேவா என்னும் சிறிய மின்சாரக் கார், ஈய மின்கலத்தால் ஓடியது. 2009-இல் லிதியம் அயனிக் கலம் பொருத்திய வகையும் தோன்றியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற இளைஞர் இருவர் 2013-இல் தொடங்கிய ஏதர் நிறுவனம், 2018-இல் தன் மின்சார ஸ்கூட்டரைப் பெங்களூரில் வெளியிட்டது. பின்னர் ஓசூரில் தொழிற்சாலை அமைத்தது. திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தார் விண்கலங்களுக்கென்று ஆக்கிய லிதியம் அயனிக் கல நுட்பத்தை, நாட்டின் தொழில் நிறுவனங்களுக்கு வழங்க முன்வந்ததும் 2018-ஆம் ஆண்டிலேயே. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈந்து, 1953-இல் காரைக்குடியில் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமும் இத்துறையில் உழைத்து வருகின்றது. சிவசமுத்திர மின்நிலையம் அமைந்துள்ள அதே மண்டியா மாவட்டத்தில், மார்லகல்லா என்னுமிடத்தில் லிதியம் இருப்பது கண்டறியப்பட்டு, 1,600 டன் அளவென மதிப்பிடப்பட்டுள்ளது. நாட்டின் தேவைக்கு அது சிறிதே. ஆயினும் தொடக்கம் தொடக்கமே.

விண்கல மின்கலம் கற்பித்த பாடம் நம் கைபேசிக்கும் பொருந்தும். முற்றும் வற்ற விடாமலும், நாள்தோறும் நூற்றுக்கு நூறு நிறைத்தே வைக்காமலும் இடைப்பட்ட அளவில் வைத்துக்கொண்டால் மின்கலம் நெடுநாள் உழைக்கும். வெயிலில் நிறுத்திய வண்டியினுள்ளும், தலையணைக்கு அடியிலும் வைத்து மின்னேற்றம் செய்தல் ஆகாது. உப்பிய மின்கலத்தைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. உடனே மாற்றுதல் வேண்டும். பழையதைக் குப்பையில் எறியாமல், திரும்பப் பெறும் இடத்தில் சேர்ப்பித்தல் நம் கடமை. அவ்வாறு திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளரைச் சார்ந்தது என்று 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு விதிகள் கூறுகின்றன. அதனுள் இருக்கும் லிதியமும் கோபால்ட்டும் மீண்டும் எடுத்துப் பயன்கொள்ளத் தக்கவை.

இன்றிரவு, வேலை முடிந்து அறைக்குத் திரும்பி, ஊரிலுள்ள தாயாரோடு பேசுவதற்கு நீங்கள் கைபேசியை எடுக்கும்பொழுது, அதனுள்ளே கோடி கோடி அயனிகள் சத்திரத்தை விட்டு ஊர் திரும்பிக்கொண்டிருக்கும். பேச்சு முடிந்து மின்னேற்றியில் அதனைச் செருகும்பொழுது, அவை மீண்டும் ஊரை விட்டுப் புறப்படும். செவ்வாயின் நிழலில் மங்கள்யானைக் காத்ததும் இந்தப் போக்கும் வரவுமே. நிழல் எவ்வளவு நீளும் என்பதை முன்னரே கணக்கிட்டு, ஒளி உள்ளபொழுதே நிறைத்து வைத்தவர்கள், நூறு நிமிட மின்கலத்தைக் கொண்டே ஏறத்தாழ எட்டாண்டுகள் அதனை நடத்திக் காட்டினார்கள்.